கடலடிச் சேறும் சவரக்கத்தியும்

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் அரிவாள் தீட்டலாம், மண்வெட்டிக்கும் முனை ஏற்றலாம். சவரக்கத்தியை மட்டும் அதில் தீட்ட முடியாது. பேரிலேயே கல்லை வைத்திருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர், நடுவே சமவெளி முழுக்க ஆங்காங்கே தலை நீட்டும் மொட்டைப் பாறைகள். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கோயில் தூணுக்கும் இங்கே கல் பஞ்சமே கிடையாது. ஆனாலும் தாய்மாமன் மடியில் உட்காரும் ஒரு வயதுக் குழந்தையின் தலையில் வைக்கிற கத்திக்கு முனை கொடுக்கும் கல்லை இந்த மண் தரவில்லை.

காரணம் நெருப்பு. இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்தவை. பழனி மலைத்தொடரின் சார்னோக்கைட்டும் அதைச் சுற்றிய நைஸ் பாறைகளும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவோட்டின் அடியில் உருமாறியவை. வத்தலக்குண்டுக்கு அருகே கெங்குவார்பட்டியில் கிடைக்கும் சில பாறைகள் 900 டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டைக் கண்டவை என்பதை அவற்றின் கனிமங்களே சொல்கின்றன. நிலவியல் படிப்பவர்களுக்கு அந்தச் சிற்றூரின் பெயர் கடல் கடந்தும் தெரியும். அவ்வளவு சூட்டில் கனிமங்கள் கண்ணுக்குத் தெரிகிற மணிகளாக வளர்ந்துவிடும். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் முனை ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் மணிகள் நிறைந்த கல்லில் அந்த முனையை இழுத்தால் அது பொடிந்துபோகும்.

அப்படியானால் சவரக்கத்திக்கு எந்தக் கல் வேண்டும்? வேகாத கல். மணிகளே தெரியாத கல். அதே சமயம் எஃகைக் கடிக்கிற அளவுக்குக் கடினமான துகள்களைத் தன்னுள் வைத்திருந்து, தேய்க்கத் தேய்க்க அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற கல். இந்த நிபந்தனைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடுவது அபூர்வம். உலகில் அப்படிக் கூடிய சில இடங்களில் ஒன்று ஜப்பானின் கியோட்டோ நகருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள குன்றுகள்.

அந்தக் கல் பிறந்த இடம் குன்று அல்ல, கடல். இன்றைய பசிபிக்கின் இடத்தில் ஒரு காலத்தில் பந்தலாசா என்ற பெருங்கடல் கிடந்தது. அதன் ஆழத்தில், கரையிலிருந்து ஆற்று மணல்கூட எட்ட முடியாத தூரத்தில், ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் விழுந்து படிந்தன. கூடவே காற்று சுமந்து வந்த தூசு. ஓடுகள் மிகுதியாக விழுந்தால் அது சக்கிமுக்கி போன்ற செர்ட் பாறையாகும். செர்ட் அளவுக்கு மீறிக் கடினமானது, துகள் விடாது, கத்திக்கு உதவாது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், பூமியின் உயிர் வரலாற்றிலேயே மிகப் பெரிய அழிவு நேர்ந்தது. கடல் உயிர்களில் பெரும்பகுதி மாண்டது. ரேடியோலேரியாவும் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. ஓடுகள் விழுவது நின்றதும் கடலடியில் மிஞ்சியது நுண்ணிய களிமண்ணும் குவார்ட்ஸ் தூசும்தான். உயிர்கள் மீண்டு வரும்வரை பல லட்சம் ஆண்டுகள் அந்தச் சேறே படிந்துகொண்டிருந்தது. ஜப்பானிய நிலவியலாளர்கள் அந்த அடுக்குக்கு வைத்த பெயரே ‘தீட்டுக்கல் வகைப் பாறை’ என்பதுதான். உலகம் ஏறக்குறைய செத்துக்கிடந்த காலத்தின் சேறு அது. நான் இந்தக் கல்லைப் பற்றிப் படித்தவற்றில் என்னை அசையவிடாமல் நிறுத்திய செய்தி இதுவே.

பிறகு கடலடித் தட்டு நகர்ந்தது. ஜுராசிக் காலத்தில் ஆசியக் கண்டத்தின் விளிம்பில் மோதி, சுரண்டப்பட்டு, மடிந்து, மேலேறிக் குன்றாயிற்று. அந்தப் பயணத்தில் நம் பாறைகளுக்கு நேர்ந்ததுபோல் அது வெந்துவிடவில்லை. அதனால் அதன் நுண்மை தப்பியது.

கல் அங்கே காத்திருக்க, கத்தி இங்கிருந்து போனது. இதை உவமையாகச் சொல்லவில்லை. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயத்தில், துறவிகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பொருட்களுள் சவரக்கத்தியும், அதைத் தீட்டும் கல்லும், அதற்கான உறையும் தனித்தனியாகச் சொல்லப்பட்டுள்ளன. தலையை மழிப்பது துறவின் அடையாளம். கத்தி இல்லாமல் துறவு இல்லை, கல் இல்லாமல் கத்தி இல்லை. அந்த விநயத்தைப் புத்தரின் மறைவுக்குப் பின் கூடிய முதல் சங்கத்தில் ஓதிச் சொன்ன உபாலி, பிறப்பால் நாவிதர். ஆறாம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே அரசு வழியாகப் பௌத்தம் ஜப்பானுக்குச் சென்றபோது துறவியரின் சவரக்கத்தியும் சேர்ந்தே போனது. காமிசோரி என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கத்திக்கு மடக்குகிற கைப்பிடி கிடையாது. ஒரே இரும்புத் துண்டு. மெல்லிய கடின எஃகை மெத்தென்ற இரும்பின்மேல் ஒட்ட வைத்து அடித்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, தீட்டும்போது ஒரு பக்கத்துக்கு அதிக இழுப்பு, மறுபக்கத்துக்குக் குறைவு.

கியோட்டோக் கற்களின் புகழைப் பெரிதாக வளர்த்தவர்கள் துறவிகள் அல்லர், வாள் மெருகிடுபவர்கள். வாளின் கடைசி மெருகுக்கு நாருதாக்கி என்ற ஊரின் கல்லைத்தான் தேடுவார்கள். அதை நகத்தளவுச் சில்லாகச் சீவி, கட்டைவிரலின் அடியில் வைத்து வாளின் மேல் தேய்ப்பார்கள். இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருந்தது ஹொன்னாமி குடும்பம். ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர்களான ஷோகன்களின் வாள்களை மெருகிட்டு மதிப்பிடுவது அவர்கள் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஹொன்னாமி கோயெத்சு (1558–1637) கையெழுத்துக் கலைஞர், மட்பாண்டக் கலைஞர், அரக்குக் கலைஞர். 1615இல் ஆட்சியாளர் தொக்குகாவா இயெயாசு அவருக்குக் கியோட்டோவின் வடக்கே தாக்காகமினே என்ற இடத்தில் நிலமே கொடுத்தார். அங்கே ஒரு கலைஞர் குடியிருப்பு எழுந்தது. கல்லையும் எஃகையும் அறிந்த குடும்பத்துக்கு அரசு தந்த மரியாதை அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பக்கம் வரும்போது தேவைப்படும்.

நாக்காயாமா, ஓசுக்கு, ஒக்குதோ, ஓஹிரா, ஷிண்டென் எனச் சுரங்கங்கள் பல. எல்லாம் மலைக்குள் குனிந்து போகிற சிறு குடைவுகள். எடுத்த பாளத்தில் பெரும்பகுதி கழிவு. விரிசல் விட்டது போக, இரும்பு நரம்பு ஓடியது போக, மிஞ்சியதை அறுத்துச் செங்கல் அளவில் ஆக்குவார்கள். கல்லில் ஓடும் கோடுகளில் சில வெறும் அழகு, சில ஆபத்து. கத்தி முனையைக் கீறுகிற கோட்டை அவர்கள் ஊசி என்பார்கள். வாங்குபவர் நகத்தால் வருடிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு கல்லின் குணம் மாறும், பெயரும் மாறும். மஞ்சள் சாயலும் வெளிர்பச்சைச் சாயலும் உள்ள, மிகக் கடினமான, மாசற்ற துண்டுகள் சவரக்கத்திக்கென ஒதுக்கப்பட்டன. அவை உள்ளங்கை அளவே இருக்கும். தச்சரின் உளிக்கு வேண்டிய கல்லைவிடச் சிறியது, விலையோ பல மடங்கு.

கல் அடுக்கடுக்காகப் படிந்தது என்பதால் தண்ணீர் ஊறி அடுக்குப் பிரிந்துவிடும் பயம் எப்போதும் உண்டு. அதற்காகப் பக்கங்களிலும் அடியிலும் அரக்குப் பூசுவார்கள். இப்போது பலர் பூசுவது முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்கிற வார்னிஷ். முந்திரி விளைவிக்கும் பண்ருட்டிக்காரர்களுக்கு இது சொல்லப்பட வேண்டிய செய்தி.

இனிக் கத்தி கல்லுக்கு வருகிற நேரம். மடக்குச் சவரக்கத்தியின் முதுகு தடித்தது, வயிறு குழிந்தது, முனை மெல்லியது. அதைக் கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் முனையும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். கோணத்தைக் கை பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கத்தியின் உடம்பே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான கத்திகளில் அது மொத்தமாக 16, 17 டிகிரியில் வந்து நிற்கும். முதலில் சொரசொரப்பான கல்லில் இரண்டு பக்கச் சரிவும் நேராகச் சந்திக்கும்வரை தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் எவ்வளவு உயர்ந்த கல்லில் தேய்த்தாலும் முனை வராது.

கடைசிக் கல்லில்தான் கியோட்டோவின் வேலை. சில சொட்டுத் தண்ணீர் விட்டு, நாகுரா என்கிற சிறு கல்லை அதன்மேல் வட்டமாகத் தேய்ப்பார்கள். நாம் கோயிலில் சந்தனம் இழைக்கிற அதே அசைவு. வெண்மையாக ஒரு குழம்பு வரும். அய்ச்சி மாநிலத்தின் மிக்காவா பகுதி நாகுராக்களில் நான்கைந்து தரம் உண்டு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மென்மையான குழம்பு தரும். அந்தக் குழம்பின் மேல் கத்தியை முனை முன்னே போகும்படி தள்ள வேண்டும். எடை போடக் கூடாது, கத்தியின் எடையே போதும். கல்லின் ஓரம் வந்ததும் கத்தியை முதுகின்மேல் புரட்ட வேண்டும், முனைமேல் ஒருபோதும் புரட்டக் கூடாது. நேரம் ஆக ஆகக் குழம்பு கறுக்கும், அது எஃகு தேய்ந்த நிறம். துகள்களும் தேய்ந்து உடைந்து இன்னும் நுண்ணியதாகும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். கடைசியில் குழம்பைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் சில இழுப்பு. அப்போது கத்தி கல்லோடு ஒட்டிக்கொள்வதுபோல் விரலுக்குத் தெரியும். அந்த ஒட்டுதல்தான் அடையாளம்.

ஒரு தலைமுடியை விரல்களில் தொங்கவிட்டு முனையில் வைத்தால் சத்தமில்லாமல் துண்டாக வேண்டும். பிறகு தோல்வாரில், இந்த முறை முனை பின்னால் வரும்படி, ஐம்பது அறுபது இழுப்பு. இதற்குப் பிறகே முகம்.

முடி மெல்லியது, எஃகு கடினமானது, பின் ஏன் அடிக்கடி தீட்ட வேண்டும் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் விடை சொன்னார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முனையில் முன்பே கண்ணுக்குத் தெரியாத கீறலோ, எஃகின் கட்டமைப்பில் ஏற்றத்தாழ்வோ இருக்கும் இடத்தில், முடி வளைந்து சாய்வாக அழுத்தும்போது முனை சில்லு பெயர்கிறது. தேய்வதைவிட இப்படிப் பெயர்வதே பிளேடைக் கெடுக்கிறது. முனையின் ஒழுங்கே அதன் ஆயுள் என்றால், ஆழமான கீறல் விடாத கல்லுக்குக் கொடுத்த விலை வீண்விலை அல்ல. நீகாட்டா மாநிலத்தின் சாஞ்சோ ஊரில் வாழ்ந்த இவாசாக்கி கோசுகே உலோகவியல் படித்தவர், சவரக்கத்தி அடித்தவரும்கூட. எஃகு, வெப்பம், கல் மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து எழுதினார். பட்டறைக்காரனின் கையறிவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் அவர் போட்ட பாதையில்தான் இன்று உலகெங்கும் சவரக்கத்தி தீட்டுபவர்கள் நடக்கிறார்கள்.

நம் பக்கம் திரும்புவோம். நுண்மணிக் கல் இல்லையே தவிர, கூரிய கத்திக்கு வேண்டிய மற்ற எல்லாம் இந்தச் சமவெளியைச் சுற்றியே இருந்தன.

எஃகு இருந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்களை அகழாய்வு காட்டியது. அந்த மரபின் எஃகை ஐரோப்பியர் ஊட்ஸ் என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அதில் அறுவைக் கருவிகள் செய்து, கிடைக்கும் எஃகிலேயே சிறந்தது என்று கொண்டாடினார். பின்னாளில் மின்சாரத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் ஸ்டோடர்ட்டும் சேர்ந்து ஊட்ஸின் ரகசியத்தைத் தேடிப் பல கலப்பு எஃகுகளைச் செய்தார்கள். அவர்கள் முடிவுகள் 1820இல் வெளிவந்தன. அந்த எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். கொங்கு நாட்டு உலைகளின் பேரன்கள் அந்தக் கத்திகள்.

அதோடு முடியவில்லை. சேலத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். ஆலை அவரைக் கடனாளி ஆக்கியது. இங்கிலாந்து திரும்பி 1839இல் எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் எஃகு விலை அதனால் இறங்கியது. ஷெஃபீல்டு சவரக்கத்திகள் உலகமெங்கும் போனதில் அதற்குப் பங்கு உண்டு. ஹீத்துக்குக் கிடைத்தது வழக்குகள்தான், 1851இல் இறந்துபோனார்.

கடும் வேலைக்கான அரைகல்லும் இருந்தது. நாமக்கல் மாவட்டம் பரமத்தி, சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல், வைரத்துக்கு அடுத்த கடினம். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக்கிச் சாணை பிடித்தவர்கள் நம்மவர்கள். 1798இல் சார்லஸ் கிரெவில் இந்தக் கல்லைப் பற்றி ராயல் சொசைட்டியில் எழுதினார். அரிவாளுக்கும் கோடரிக்கும் அது தெய்வம். சவரக்கத்தியின் கடைசி முனைக்கு அது முரடு. 

தோல் திண்டுக்கல்லிலேயே இருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், கப்பலேறி உலகம் சுற்றியது. பட்டையில் பதனிட்ட அந்த வகைத் தோல் சவரக்கத்தியைத் தடவ மிகவும் உகந்தது. பின்னாளில் ரசாயனப் பதனிடல் வந்து கிணற்றுத் தண்ணீர் கெட்டது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அபராதம் விதிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்து ஆலைகளும் அடக்கம்.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, கிடைத்த கல்லில், கிடைத்த கத்தியில் முனையைப் பிடித்தவர் இந்தச் சமவெளியின் மருத்துவர். முடிதிருத்தும் சமூகத்தார் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டியைக் கீறி, மருந்து வைத்துக் கட்டியது அவர்கள். பிரசவம் பார்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை என எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே காட்சியைத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். அக்குளில் அடைப்பம் என்ற பை, அதற்குள் கத்தி, கத்தரி, கிண்ணி, உள்ளங்கை அகலச் சாணைக்கல். வேப்பமரத்தடியிலோ வாய்க்கால் கரையிலோ எதிரெதிரே குந்த வைத்து உட்காருவார்கள். தோல்வார் இல்லாவிட்டால் தன் உள்ளங்கையிலேயே கத்தியைத் தடவிக்கொள்வார். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பதம் பார்ப்பார். பழனியில் முடி எடுக்கிற நாளில் அதே கை, வீறிட்டு அழுகிற குழந்தையின் தலையில், உச்சிக்குழி இன்னும் துடிக்கிற இடத்தில், ஒரு கீறல் விழாமல் இறங்கும். முருகனே ஆண்டிக்கோலத்தில் நிற்கும் மலை அது. அந்தக் கோலத்தைப் பக்தர்களுக்குத் தருவது அந்தக் கை.

கூலி ஆண்டுக்கு ஒருமுறை களத்து மேட்டில் தானியமாக. வீட்டுக்குப் பின்வாசல் வழி. பல ஊர்களில் யாருக்கு முடி வெட்டலாம், யாருக்குக் கூடாது என்பதையும் ஊர்ப் பெரிய மனிதர்களே தீர்மானித்தார்கள், தலித் மக்களுக்கு வெட்ட விடாமல் தடுத்தார்கள். கியோட்டோவில் எஃகையும் கல்லையும் அறிந்தவனுக்கு ஆட்சியாளர் நிலம் கொடுத்தார். இங்கே அதே அறிவைக் கையில் வைத்திருந்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம். வாளுக்கு முனை வைப்பது பெருமை, முகத்துக்கு முனை வைப்பது இழிவு என்று நினைத்த சமூகம் எதையோ தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது. வாள் உயிரைப் பறிக்க, சவரக்கத்தியோ உயிருள்ள தோலின் மேல் ஒரு துளி ரத்தம் வராமல் ஓட வேண்டும். இரண்டில் எது அரிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திண்டுக்கல் பூட்டும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன, மகிழ்ச்சி. இந்தக் கைத்திறனை எந்தப் பட்டியலிலும் யாரும் சேர்க்கவில்லை.

அந்தத் திறன் சட்டென்று தேவையற்றுப் போனது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் விழிப்புணர்வுப் பிரசாரத்தில் சவரக்கத்தி முக்கிய இடம் பிடித்தது. ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடாதீர்கள் என்பது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. மடக்குக் கத்தியின் வடிவம் மட்டும் மிஞ்ச, முனையின் இடத்தில் டோபாஸ் பிளேடோ பாரத் பிளேடோ நீளவாக்கில் இரண்டாக ஒடித்துச் செருகப்பட்டது. ஒரு சவரத்துக்கு அரை பிளேடு, பிறகு குப்பை. ரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலை வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மாற்றம் சரியானது, கட்டாயமானது. கடையில் தீட்டிய கத்தி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழனியிலும் இன்று பிளேடுதான். 2021 செப்டம்பரில் தமிழகக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. காலம் கடந்து வந்த நீதி.

ஜப்பானிலும் இதே கதை. செக்கி நகரின் ஃபெதர் போன்ற நிறுவனங்கள் பிளேடு மாற்றும் சவரக்கத்திகளைச் செய்ய, சலூன்கள் அதற்கு மாறின. தச்சர்கள் இயந்திரத்துக்கும் செயற்கைக் கல்லுக்கும் போனார்கள். செயற்கைக் கல்லின் கதை 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் சிலிக்கன் கார்பைடைத் தற்செயலாகக் கண்டதிலிருந்து தொடங்குகிறது. நம் திருவொற்றியூரில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலும் அந்த வழியில் வந்ததே. கியோட்டோவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. நாக்காயாமாவில் பல பத்தாண்டுகளாக யாரும் வெட்டுவதில்லை. இன்று விற்பனையில் இருப்பவற்றில் பெரும்பகுதி பழைய கிடங்குக் கற்கள், ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர்களின் பெட்டிகளிலிருந்து வந்த கற்கள். வாங்குபவர்கள் உலகெங்கும் இருக்கும் ஆர்வலர்கள். ஒரு நல்ல சவரக்கல் தேய்ந்து தீர ஒரு மனிதரின் ஆயுள் போதாது என்பதால் ஒரே கல் மூன்று நான்கு கை மாறுகிறது.

உங்களுக்கும் ஆசை வந்தால் இரண்டு வார்த்தை. இயற்கைக் கல்லில் தொடங்காதீர்கள். செயற்கைக் கல்லில் சரிவை நேராக்கக் கற்றுக்கொண்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் நல்ல கல்லைத் தேடுங்கள். கல்லில் குத்திய கியோட்டோ முத்திரையைப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம், முத்திரை எளிதில் போலியாகும். கல்லின் மேல் நகம் ஓட்டிப் பாருங்கள். தீட்டிய கத்தியை உங்கள் முகத்துக்கு மட்டும் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்குக்கூட வேண்டாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. உங்கள் தெருவின் முடிதிருத்தும் கடையில் எழுபதைத் தொட்ட ஒருவர் இருந்தால், அவர் கத்தி தீட்டிய தலைமுறையின் கடைசி ஆள். எந்தக் கல் வைத்திருந்தார், எங்கிருந்து வந்தது, முனை வந்துவிட்டது என்று கைக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் கேளுங்கள். தீட்டிக் காட்டச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பழனி அரசு அருங்காட்சியகத்தில் மற்றப் பொருட்களுக்குப் பக்கத்தில் ஓர் அடைப்பம், அதனுள் இருந்த கத்தி, நடுவில் குழி விழுந்த சாணைக்கல் மூன்றையும், வைத்திருந்தவரின் பெயரோடு வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.